முகச் சுருக்கமும் ஐந்து மணிச் சரமும்



என்னிடம் முன்பு பயின்ற பெண் ஒருத்தி, இப்பொழுது கல்லூரியில் படிப்பவள், ஒரு முகப்பூச்சின் விளம்பரத்துடன் என்னைக் காண வந்தாள். "ஐயா, இதில் பெப்டைடு இருக்கிறதாம், முகச் சுருக்கத்தை நீக்குமாம். வயலில் உழைத்து முகம் வாடிய என் தாய்க்கு வாங்க விரும்புகிறேன். விலையோ என் இரண்டு மாதக் கைச்செலவு. வாங்கலாமா?" என்று கேட்டாள். ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. அவளுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் உடலிலுள்ள புரதங்கள், அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட மாலைகள். சில மணிகளே கொண்ட குறுஞ்சரத்திற்குப் பெப்டைடு என்று பெயர். தோலுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அது மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. வயது ஏற ஏற அதன் உற்பத்தி குறைகிறது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களோ இருப்பதையும் சிதைக்கின்றன. ஆகவே தோல் தளர்ந்து சுருங்குகிறது.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் வியப்பான உண்மையொன்றை வெளியிட்டனர். கொலாஜனின் முன்னோடிப் புரதத்திலுள்ள ஐந்தே மணிகளைக் கொண்ட துண்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களைத் தூண்டிப் புதிய கொலாஜனை உண்டாக்கச் செய்தது. இத்தகைய சரங்களைச் செயற்கையாகக் கோப்பதற்கு எளிய வழியை 1963-இல் வகுத்தவர் அமெரிக்க இரசாயன அறிஞர் புரூஸ் மெரிஃபீல்டு. முதல் அமினோ அமிலத்தைப் பிசின் உருண்டையொன்றில் பிணைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எஞ்சியதைக் கழுவி அகற்றுவது அவர் முறை. அதற்காக 1984-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும், கண்ணாடிக் கலத்திலுள்ள உயிரணு வேறு. மனிதர் முகம் வேறு. நம் புறத்தோல் அயற்பொருள்களை எளிதில் உள்ளே விடாத மதில். மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்டவை அதனைக் கடப்பது அரிது. இச்சரத்தின் எடையோ ஏறத்தாழ 564. அன்றியும் அது நீரை நாடுவது. மதிலோ கொழுப்புப் பசை மிக்கது. ஆதலால் பால்மிட்டிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தை அதனோடு இணைத்தனர். எடை 802 ஆக உயர்ந்தாலும், கொழுப்போடு இயைந்து ஓரளவேனும் உட்புகும் என்பது அவர்கள் கருத்து.

பயன் உண்டா? 2005-இல் வெளியான ஒரு சோதனையைக் கூறுகிறேன். 35 முதல் 55 வயது வரையுள்ள 93 பெண்கள், 12 வாரம், முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு கலந்த பூச்சையும், மறு பாதியில் பெப்டைடு இல்லாத அதே பூச்சையும் தடவினர். எது எந்தப் பாதி என்பது அவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. சேர்த்த பெப்டைடு பத்து லட்சத்தில் 3 பங்கே. அப்பாதியில் சுருக்கங்கள் சிறிது குறைந்தன. மறைந்துவிடவில்லை, குறைந்தன. சோதித்தவர்கள் முகப்பூச்சு விற்கும் நிறுவனத்தினர் என்பதையும் நினைவிற் கொள்ளுக.

மறு பாதி எதற்கு என்று கேட்பீர்கள். ஈரப்பசையுள்ள எந்தப் பூச்சும் தோலைச் சற்று உப்பச் செய்து கோடுகளை மறைக்கும். ஒப்பிட மறு பாதி இல்லையேல், அப்புகழ் முழுவதும் பெப்டைடுக்குப் போய்விடும் அன்றோ?

இன்னொரு சோதனையையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் ஆராய்ந்தனர். முடிவு 2013-இல் வெளிவந்தது. வெயில் தடுப்புப் பூச்சை நாள்தோறும் தடவியவர்களுக்கு, விரும்பியபோது மட்டும் தடவியவர்களைவிடத் தோலின் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. சிதைந்த கயிற்றைச் செப்பனிடுவதினும் சிதையாமற் காப்பது எளிது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அம்மா, இது முழுப் பொய்யன்று, விளம்பரம் கூறும் அளவுக்கு மெய்யுமன்று. முதலில் உன் தாய்க்கு அகன்ற விளிம்புள்ள தொப்பி ஒன்றும், வெயில் தடுப்புப் பூச்சும் வாங்கிக் கொடு. எஞ்சிய பணத்தில் உனக்கு வேண்டிய புத்தகம் வாங்கு. அந்தச் சுருக்கங்கள் உன்னைப் படிக்க வைத்தவை. அவற்றுக்காக அவர் நாண வேண்டியதில்லை."

இளைஞர்களே, 'விஞ்ஞானம் நிரூபித்தது' என்று எவரேனும் சொன்னால், 'எதனோடு ஒப்பிட்டு? எவ்வளவு?' என்ற இரண்டு கேள்விகளையும் தவறாது கேளுங்கள்.