ஸ்கூலும் இஸ்கூலும்



வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தில், நாம் நாள்தோறும் வழங்கும் 'ஸ்கூல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சிறிது ஆராய்வோம்.

இது பழைய ஆங்கிலத்தில் 'ஸ்கோல்' என வழங்கிற்று. இலத்தீன் 'ஸ்கோலா'விலிருந்து வந்தது. இலத்தீனோ கிரேக்கத்தின் 'ஸ்கோலே' என்பதைக் கடன் கொண்டது. 'ஸ்கோலே' என்பதற்கு முதற்பொருள் பள்ளி அன்று, ஓய்வு! ஓய்வு வாய்த்தவர் கூடி உரையாடினர், உரையாடல் பாடமாயிற்று, பாடம் நடந்த இடத்திற்கும் அப்பெயரே நிலைத்தது. நமது 'பள்ளி' என்னும் சொல்லும் துயிலிடத்தையும், சமண பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும் குறித்ததை இங்கு நினைவு கூரலாம்.

ஆனால் அவ்வோய்வு யாருக்கு வாய்த்தது? ஏதென்ஸ் நகரத்தாரின் வயல்களிலும் வெள்ளிச் சுரங்கங்களிலும் அடிமைகள் உழைத்தனர். செல்வர் வீட்டுச் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவனும் பெரும்பாலும் அடிமையே. அவனுக்குப் 'பைடகோகோஸ்', அதாவது சிறுவனை நடத்திச் செல்வோன், என்று பெயர். கற்பிக்கும் கலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பெடகாஜி' என்னும் பெரும்பெயர் அவ்வடிமையின் பெயரினின்று பிறந்ததே. பி.எட். வகுப்பில் அச்சொல்லை நாம் மனப்பாடம் செய்தபோது இதனை எவரும் நமக்கு உரைக்கவில்லை! நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' மிகுந்ததைக் கண்ட நமக்கு, ஓய்வு என்னும் அம்முதற்பொருள் நன்கு விளங்குகிறது. அறிவு குறைந்து அவர்கள் வராமல் இருக்கவில்லை. ஓய்வு இல்லாமல் வரவில்லை.

இன்னொன்று. நம் சேரியிலிருந்து வரும் சிறுவன் 'இஸ்கூல்' என்றால் வகுப்பே சிரிக்கிறது. சில சமயம் ஆசிரியரும் சிரிக்கிறார். மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது தமிழ் மரபு. ஆதலின் அச்சிறுவனின் நாக்கு ஓர் இகரத்தை முன்னே கூட்டிக்கொள்கிறது. இலக்கணம் படியாமலே இலக்கணத்தின்படி நடக்கிறது. இலத்தீன் பேசிய பொதுமக்களும் இதையே செய்தனர். 'ஸ்கோலா'வின் முன் இகரம் கூட்டி 'இஸ்கோலா' என்றனர். அத்தகைய வடிவங்கள் பழைய கல்வெட்டுகளிலும் உண்டு. அவ்வழக்கே ஸ்பானிய மொழியில் 'எஸ்குவேலா' ஆயிற்று. பிரெஞ்சுக்காரரோ 'எஸ்கோல்' என்று வழங்கிப் பின்னர் ஸகரத்தையும் கைவிட்டு 'எகோல்' என்றனர். இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளின் வாயிலில் அப்படியே எழுதியிருக்கிறது.

'இஸ்டேஷன்' என்பதற்கும் இதுவே விதி. ஸ்பானியர் அதனை 'எஸ்தசியோன்' என்பர். நம் மாலை வகுப்பில் பாடம் சொல்லும் இளைஞர்கள், அடுத்த முறை ஒரு சிறுவன் அவ்வாறு சொல்லும்போது, கரும்பலகையில் இவ்விரு சொற்களையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.