பெயர் சொல்லும் வரலாறு



விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைப் படிப்போர் பெயர் வரிசைகளைக் கண்டதும் பக்கத்தைத் தள்ளிவிடுவது வழக்கம். பொருள் தெரியாதபோது அவை வெறும் ஒலிகளே. எபிரேய மொழியறிந்தவர்க்கோ அப்பெயர்களுட் பல சிறு சிறு வாக்கியங்கள். ‘ஏல்’ என்பது கடவுளைக் குறிக்கும் சொல். ‘தானியேல்’ என்றால் ‘கடவுள் என் நடுவர்’ என்பது பொருள். ‘யோ’, ‘யா’ என்பன யாவே என்னும் இறைவன் திருப்பெயரின் குறுக்கங்கள். ‘யோனத்தான்’ என்பது ‘யாவே தந்தார்’ என்றும், ‘எலியா’ என்பது ‘யாவே என் கடவுள்’ என்றும் பொருள்படும்.

யோனத்தானின் தந்தை இஸ்ரவேலின் முதல் மன்னனான சவுல். அவனுடைய மற்றொரு மகனைச் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ‘இஸ்போசேத்’ என்று அழைக்கிறது. ‘வெட்கத்தின் மனிதன்’ என்பது அதன் பொருள். எந்தத் தந்தை தன் மகனுக்கு இப்படியொரு பெயரைச் சூட்டுவான்?

இதற்கு விடை முதலாம் நாளாகமத்தில் உள்ளது. அங்கே அம்மகனின் பெயர் ‘எஸ்பால்’. ‘பாகாலின் மனிதன்’ என்று இதற்குப் பொருள் கூறுவர். பாகால் என்பது கானானியர் வணங்கிய தெய்வத்தின் பெயர். ஆயினும் ‘தலைவன்’, ‘உடையவன்’ என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். முற்காலத்தில் யாவேயையும் மக்கள் அவ்வாறு அழைத்திருக்கலாம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். பிற்காலத்தில் பாகால் வழிபாடு கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அப்போது ஏடு எழுதியோர் அப்பெயரை எழுதவும் கூசி, அவ்விடத்தில் வெட்கம் என்னும் பொருள்தரும் ‘போசேத்’ என்ற சொல்லை அமைத்தனர் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. சாமுவேல் நூலுக்குப் பின்னர் எழுந்த நாளாகமமே பழைய வடிவத்தைக் காத்து வைத்திருப்பது வியப்புக்குரியது.

இக்கொள்கைக்கு மண்ணும் துணைநிற்கிறது. 1910ஆம் ஆண்டு சமாரியாவில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டின் எழுத்துப் பொறித்த ஓடுகளில், யாவேயின் பெயர் கொண்டோரும் பாகாலின் பெயர் கொண்டோரும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றனர். 2012இல் எருசலேமுக்குத் தென்மேற்கே கிர்பெத் கெயாபா என்னுமிடத்தில் ஒரு மண்சாடியின் துண்டுகள் கிடைத்தன. ஏறத்தாழ 3000 ஆண்டுகட்கு முற்பட்ட அச்சாடியில் ‘எஸ்பால்’ என்னும் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. அவன் சவுலின் மகனல்லன், வேறொருவன். எனினும் அக்காலத்தில் அப்பெயர் மக்களிடையே வழங்கியது என்பதற்கு அச்சாடி சான்றாகிறது.

ஆகவே, ஒரே மனிதனுக்கு இரு நூல்கள் இருவேறு பெயர் கூறுமாயின், அதனைப் பிழையென்று ஒதுக்கிவிட வேண்டா. யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். ஒரு மக்களினத்தின் சமய உள்ளம் எவ்வாறு மாறியது என்பதை, மன்னர்களின் போர்க்கதைகள் சொல்லாத அளவுக்கு, அந்த ஒரு பெயர் உங்களுக்குச் சொல்லும்.