மண்ணை ஆக்கிய கைகள்



மண் எப்படி உருவாகிறது? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பித்த ஹான்ஸ் ஜென்னி, 1941இல் வெளியிட்ட நூலில் ஐந்து காரணிகளைச் சொன்னார்: தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகலாம்.

ராய்சவுத்ரியோடு சேர்ந்து அவர் இந்திய மண்ணையும் ஆராய்ந்தார். 1960இல் வெளிவந்த அந்த ஆய்வு, தட்பவெப்பமும் சாகுபடியும் மண்ணின் மட்கையும் நைட்ரஜனையும் எப்படி மாற்றுகின்றன என்று அளந்தது. சாகுபடி மண்ணின் சத்தைக் கரைக்கிறது. அப்படியானால் அதை ஈடுகட்டியது யார்?

ஏரி வண்டலைக் கூடையில் சுமந்தவர்கள், எரு அள்ளிக் கொட்டியவர்கள், தழையைச் சேற்றில் மிதித்தவர்கள் சேரி மக்கள். ஜென்னி மனிதரை உயிரினங்களோடு சேர்த்தார். சாதி ஆண்ட நாட்டில் அது போதாது. இங்கே மனிதர் என்றால் உழைத்தவரா, உடைமையாளரா என்று கேட்க வேண்டும். பட்டாவில் உழைத்தவர் பெயர் இல்லை. 1892 அரசாணையால் கிடைத்த பஞ்சமி நிலத்திலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது.

மாணவர்களே, ஐந்து காரணிகளைப் படியுங்கள். ஆறாவதாக நம் உழைப்பை எழுதுங்கள். பிறகு உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைத் திறந்து, பஞ்சமி நிலம் இன்று யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். போராட்டத்தை அங்கிருந்து தொடங்குவோம்.