ஒரு ரொட்டி, இரு உறவுகள்



பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில், இன்று பேசுவோர் எவருமில்லாத கோதிக் மொழியின் பெயர்ச்சொல் ஒன்றை உங்கள்முன் வைக்க விழைகிறேன். 'ஹ்லைஃப்ஸ்' என்பது அச்சொல். ரொட்டி என்பது பொருள்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் உல்ஃபிலா கோதியருக்கென எழுத்து வகுத்து விவிலியத்தை மொழிபெயர்த்தார். அதன் புகழ்பெற்ற படி, 6ஆம் நூற்றாண்டில் ஊதா நிறத் தோலேட்டில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பெற்றது. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. கோதிக்கை நாம் அறிவது பெரிதும் இத்தகைய ஏடுகளால்தான்.

'ஹ்லைஃப்ஸ்' ஆண்பாற்சொல். எழுவாய் வடிவம் அதுவே, செயப்படுபொருளாகும்போது 'ஹ்லைஃப்', உடைமைப் பொருளில் 'ஹ்லைபிஸ்', கொடைப் பொருளில் 'ஹ்லைபா', பன்மை எழுவாய் 'ஹ்லைபோஸ்'. ஈற்றில் 'ஃப்' என நின்ற மெய், உயிர் தொடரும்போது 'அன்பு' என்பதில் ஒலிக்கும் பகரமாக எழுதப்படுகிறது. நம் 'மரம்' உருபேற்கையில் 'மரத்தை' எனத் திரிவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

இதன் உடன்பிறப்பே பழைய ஆங்கில 'ஹ்லாஃப்', இன்றைய 'லோஃப்'. ரஷ்யரின் 'ஹ்லெப்' என்பதும் ஜெர்மானிய மொழியிலிருந்து கடன்பெற்றதே என்பர் மொழியியலார்.

இனி நான் சொல்ல வந்த செய்தி. ஆங்கிலேயர் இந்த ரொட்டியுடன் காவலன் என்னும் சொல்லைச் சேர்த்தனர். 'ரொட்டியைக் காப்பவன்' என்ற அச்சேர்க்கையே தேய்ந்து 'லார்ட்' ஆயிற்று. கோதிக்கிலோ 'உடன்' எனும் பொருள்தரும் 'க' என்ற முன்னொட்டு சேர்ந்து 'கஹ்லைபா' என்ற சொல் பிறந்தது: ரொட்டியை உடனுண்பவன், தோழன். யோவான் நற்செய்தியில் தோமா தம் உடன்சீடரிடம் பேசுமிடத்தும், பிலிப்பியர் திருமுகத்தில் உடன்போர்வீரனைக் குறிக்குமிடத்தும் இச்சொல்லே வருகிறது. கிரேக்க மூலத்தின் அவ்விரு சொற்களிலும் ரொட்டி இல்லை. கல்வியையும் போரையும் குறித்த இருவேறு உறவுகளை, மொழிபெயர்ப்பு ஒரே உணவில் இணைத்துவிட்டது! இலத்தீனத்தின் 'கொம்பானியோ'வும் இவ்வகைச் சொல்லை ஒற்றிப் பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆங்கிலத்தின் 'கம்பானியன்' அதன் வழிவந்தது.

ஒரே ரொட்டி, காத்துவைத்தவன் தலைவனானான், பகிர்ந்துண்டவன் தோழனானான். எந்தச் சொல்லை ஆக்குவது என்பது ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பதன் சான்று. சொல்லை ஆள்பவர்களாகிய நாம் அதனைக் காத்துவைக்கும் தலைவர்களா, பகிர்ந்துண்ணும் தோழர்களா? இவ்வட்டம் அடுத்த பத்தாண்டிலும் இக்கேள்வியை மறவாதிருக்க வேண்டுகிறேன்.