காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு

ஆங்கிலச் சிலேடை பெரிதும் செவிக்கு உரியது என்பதும், அதை ஏட்டில் ஏற்றும்போதே அதன் பாதி உயிர் போய்விடுகிறது என்பதும் இந்த அவை எண்ணிப் பார்க்கத்தக்கவை. தமிழில் வேங்கை என்னும் சொல் புலியையும் ஒரு மரத்தையும் குறிக்கும். வேம் கை எனப் பிரித்தால் வேகின்ற கையைக் குறிக்கும். பொருள் மூன்றானாலும் எழுத்து மாறுவதில்லை. சொல் பிரியாமல் பல பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரிந்து வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் தண்டியலங்காரம் வகுத்தது. ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துடைய பல்பொருட் சொற்கள் உண்டெனினும், ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் நிற்கும் இணைகளே அங்கு மலிந்து கிடக்கின்றன.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. இரவையும் குதிரை வீரனையும் குறிக்கும் இரு சொற்கள் இன்று ‘நைட்’ என்றே ஒலிக்கின்றன. ஆனால் 14-ஆம் நூற்றாண்டில், சாசரின் காலத்தில், வீரனைக் குறிக்கும் சொல்லின் முதலில் ககர ஒலியும், இரு சொற்களின் இடையிலும் தமிழ் ஆய்தத்தை ஒத்த மூச்சொலியும் தெளிவாக ஒலித்தன. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோக, பேச்சு தன் போக்கில் நடந்துகொண்டே இருந்தது.

ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத் தொடக்கத்தில் வரும், மகன் என்றும் சூரியன் என்றும் செவிக்குப் பொருள்படும் ‘சன்’ என்னும் சொல், ஏட்டில் சிலேடை பாதி உயிரை இழப்பதற்கு நல்ல சான்று. அங்குப் புகழப்படும் மன்னர் நான்காம் எட்வர்ட், யார்க் கோமகனின் மகன். அவருடைய சின்னமோ சுடர்விடும் சூரியன். 1597-இன் முதற்பதிப்பிலும் 1623-இன் பெருந்தொகுப்பிலும் மகனைக் குறிக்கும் எழுத்தே இருக்க, பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அதைச் சூரியனாக்கினர். மேடையில் நடிகர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்; பதிப்பாசிரியரோ ஒன்றைத் தேர்ந்து, மற்றொன்றை அடிக்குறிப்பில் தள்ள நேர்கிறது.

அகராதி தந்த சாமுவேல் ஜான்சன், 1765-இல் தாம் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பின் முன்னுரையில், உருக்கமான இடங்களிலும் சிலேடையைக் கண்டால் இக்கவிஞர் வழிதவறிப் போய்விடுவதாகக் கடிந்துகொண்டார். பெரும்புலமையாளரின் தீர்ப்பாயினும் இது முழுவதும் ஏற்கத்தக்கதன்று. ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தில், இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்ததால் ‘கான்ட்’ எனப் பெயர்பெற்ற முதிய கோமகன் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அப்பெயரே ஆங்கிலத்தில் ‘வற்றி மெலிந்த’ என்றும் பொருள்படும் என்பதால், அவர் அந்த ஒரு சொல்லைத் தம் மூப்பின்மீதும், மகனைப் பிரிந்த ஏக்கத்தின்மீதும், தமக்காகக் காத்திருக்கும் குழியின்மீதும் மாறி மாறி ஏற்றிப் பேசுகிறார். நோயுற்றவர் தம் பெயரை வைத்து இவ்வளவு நயமாக விளையாட முடியுமா என்று மன்னன் வினவுகிறான். ஜான்சன் கூறிய குறையை, அவருக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, ஷேக்ஸ்பியர் அந்த இரக்கமற்ற மன்னனின் வாயில் வைத்துவிட்டார். மகனை நாடு கடத்திக் குலத்தின் பெயரையே அழிக்கத் துணிந்தவன் யார் என்பதை, அந்தப் பெயரைக் கொண்டே முதியவர் அவனுக்குக் குத்திக்காட்டுகிறார்.