இருமுனை இணைப்பும் இன்றமிழும்

(பாப்பாரப்பட்டியில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சுப்பிரமணிய சிவனார் 1925 சூலை 23-இல் கண்மூடியது இவ்வூரில்தான். விடுதலைப் போராட்ட மறவராக அவரை அறிந்தோர் பலர். வடசொற் கலவாது தனித்தமிழில் எழுதுவார்க்கு ஐந்து உருபா பரிசு தருவதாக 1915-இல் தம் 'ஞானபானு' இதழில் அறிவித்தவரும் அவரே என்பதை அறிந்தோர் மிகச் சிலர். "பாட்டும் உரையும் எழுதலாம், பொறியைப் பற்றித் தமிழில் எழுத இயலுமோ?" என்று வினவுவார் இன்றும் உளர். அவர்க்கு விடையாக, வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு சிறு பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் அதனை 'ரூட்டர்' என்பார். தமிழில் அது திசைவி. செய்திக்குத் திசை காட்டுவதால் அப்பெயர். அப்பெட்டியினின்று இணையம் வழங்கும் நிறுவனத்தின் கருவி வரை செல்லும் தொடுப்புக்கு முனைகள் இரண்டே. ஆதலின் அஃது இருமுனை இணைப்பு. அவ்விரு முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறை, வில்லியம் சிம்ப்சன் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1661 என்னும் எண்ணுடைய ஆவணமாக 1994 சூலையில் வெளிவந்தது. ஈதர்நெட் கம்பியின்மேல் அதனை இயக்கும் முறை 1999 பிப்பிரவரியில் 2516 என்னும் எண்ணில் வந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வீட்டு இணைப்புகளிற் காண்பது இம்முறையே.

திசைவி முதலில், "பணி தருவார் யாரேனும் உளரோ?" என எல்லார்க்கும் கேட்குமாறு அழைக்கும். எதிர்முனை விடை தந்தபின் உடன்பாட்டுப் பேச்சு தொடங்கும். ஒரு முனை தன் வேண்டுகைகளை முன்வைக்கும். அனைத்தும் ஒத்துவரின் மறுமுனை 'ஏற்பு' அனுப்பும். பொருள் விளங்கியும் அளவு ஒவ்வாதாயின், ஒத்துவரும் அளவைத் தானே சுட்டித் 'திருத்தம்' அனுப்பும். வேண்டுகையே விளங்காதாயின், அன்றி அது பேச்சுக்கே இடமில்லாததாயின், 'மறுப்பு' அனுப்பும். திருத்தத்தையும் மறுப்பையும் வேறு வேறாகப் பிரித்து வைத்த நுட்பம் பாராட்டத்தக்கது. மக்கள் நடத்தும் பேச்சுகளிற்கூட இவ்வொழுங்கைக் காண்பது அரிது.

அடுத்தது, வந்தவர் இன்னார் எனத் தெளிதல். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை இத் தகடூர் மண் நன்கறியும். விடுத்தவர் யாரெனத் தெளியாமல் தூதர்க்கு எந்த அவையிலும் இடமில்லை. திசைவியிடமும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அச்சொல்லை அப்படியே அனுப்புவது பழைய முறை. எதிர்முனை ஒரு புதிர் விடுக்க, கடவுச்சொல்லைக் கொண்டு கணித்த விடையை மட்டும் அனுப்புவது பின்வந்த முறை. இதிற் சொல் வழியிற் செல்வதே இல்லை. தெளிந்த பின்னரே இணைய முகவரி வழங்கப்படும்.

அமைக்கும்போது தவறவிடப்படும் எண் ஒன்றுண்டு. ஈதர்நெட் ஒரு பொதியில் 1500 'பைட்டு' சுமக்கும். (பைட்டு என்பதற்கு யாவரும் வழங்கும் தமிழ்ச்சொல் இன்னும் நிலைபெறவில்லை, அக்குறையை மறைப்பதிற் பயனில்லை.) இம்முறையின் தலைப்புகள் 8 பைட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது 1492. திசைவியில் 1500 என்றே விட்டுவிட்டால் சில பக்கங்கள் திறக்கும். சில பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். பெட்டி கெட்டதெனப் புதியது வாங்குவார் உளர். மாற்ற வேண்டியது ஓர் எண்ணை மட்டுமே.

அமைத்த இணைப்பைக் காத்தலும் வேண்டும். "உளையோ?" என ஒரு முனை இடையிடையே வினவ, மறுமுனை எதிரொலி தரும். 30 நொடிக்கொருமுறை வினவி, நான்குமுறை விடையின்றேல் அறுந்ததெனக் கொள்ளுமாறு அமைத்தால், ஏறத்தாழ இரண்டு மணித்துளியிற் பழுது வெளிப்படும். இவ்விடைவெளியை மிகக் குறைத்தால் சிறு தடுமாற்றத்திற்கும் இணைப்பு அறுக்கப்பட்டு மீண்டும் கட்டப்படும். மிகக் கூட்டினாலோ, செத்த இணைப்பு நெடுநேரம் உயிருள்ளதுபோல் நிற்கும்.

கல்லூரிச் சேர்க்கையின் இறுதி நாளில் சிற்றூர் மாணவி ஒருத்தி கணிப்பொறிமுன் அமர்ந்திருக்க, இணைப்பு அறுந்துபோகிறது என்க. 'லைன் போயிற்று' என்பதற்குமேல் அவளுக்கு எவரும் சொல்வதில்லை. ஆயின் திசைவியின் பதிவேடு சொல்லும். அழைப்புக்கு விடையே இல்லையெனில் பழுது பெரும்பாலும் வழியில். கண்ணாடியிழைப் பெட்டியிற் செவ்விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை எனத் துணியலாம். பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லையெனில் இழையைத் தேடி மண்ணைத் தோண்டுவது வீண். கடவுச்சொல்லையும் கட்டண நிலுவையையும் பார்த்தல் வேண்டும். இருந்த இணைப்பு இடையில் அறுந்ததாயின், எதிர்முனை விடைபெறும் செய்தி அனுப்பியதா என்று நோக்குக. அனுப்பியிருந்தால் அறுத்தது எதிர்முனை. நிறுவனத்தாரைத்தான் கேட்டல் வேண்டும். அச்செய்தி இன்றி எதிரொலி மட்டும் நின்றிருந்தால், கம்பத்திலிருந்து வீடு வரை வரும் இழையை முதலிற் பார்க்குமாறு பணியாளரிடம் அவளே சொல்லலாம்.