பெர்லெப்ஷ் பிரபுவின் காடு

பாண்டிருப்பிலிருந்து பேசுகிறேன். கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கே மருதமுனைத் தறிகள், தெற்கே கல்முனைக் கடைத்தெரு. இந்த நாலுக்கும் நடுவில் இருந்துகொண்டு இன்று உங்களை ஜேர்மனி நாட்டின் நடுப்பகுதிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே கடல் கிடையாது. மாரி காலத்தில் பனி கொட்டும். ஆனாலும் அது வேளாண்மைக்காரர்களின் பூமி. ஆகவே நமக்கு அது முற்றிலும் அந்நிய ஊராக இராது.

துரிங்கியா என்பது மாநிலத்தின் பெயர். முல்ஹவுசன், லாங்கென்சால்சா என்ற இரண்டு பழைய நகரங்களுக்கு இடையே, ஊன்ஸ்ட்ரூட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோதுமையும் வாற்கோதுமையும் விளைகின்றன. மேற்கே பார்த்தால் நீளமான ஒரு மேட்டுநிலம், அதன் மேல் காடு. அந்தக் காட்டின் பெயர் ஹைனிக். காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சேபாக் என்றொரு சின்னக் கிராமம். கிராமத்தில் ஒரு பழைய கோட்டை வீடு. அதைச் சுற்றி நீர் நிறைந்த அகழி. அகழியைச் சுற்றிச் சோலை. இந்த வீட்டில்தான் 1857ஆம் ஆண்டு ஹான்ஸ் ஃபொன் பெர்லெப்ஷ் பிறந்தார்.

பிரபு குடும்பம். பரம்பரைக் காணியும் காடும் உள்ள குடும்பம். நம் பக்கத்தில் என்றால் பெரிய போடியார் என்று சொல்லியிருப்போம். அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுக்களில் பலருக்குக் காடு என்றால் வேட்டை, அல்லது விற்கிற மரம். பெர்லெப்ஷ் பிரபு தன் காட்டைக் குருவிகளுக்கான ஆராய்ச்சிக் களமாக்கினார்.

அவரை உறுத்திய கேள்வி இதுதான்: குருவிகள் ஏன் குறைகின்றன? வலை வைத்துப் பிடிக்கிறார்கள், பெண்களின் தொப்பிக்குச் சிறகு பிடுங்குகிறார்கள் என்று அப்போது பலரும் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் நியாயமானது. 1888இல் ஜேர்மனியில் பறவைகளைக் காக்கச் சட்டமும் வந்திருந்தது. ஆனால் பிரபு இன்னொரு காரணத்தையும் கண்டார். காட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று சொல்லிக் கிழட்டு மரங்களையும் பொந்து விழுந்த மரங்களையும் வெட்டி அகற்றினார்கள். வயலைப் பெருப்பிக்க வேலிப் பற்றைகளை அழித்தார்கள். சுடாவிட்டாலும், பிடிக்காவிட்டாலும், முட்டையிட இடமில்லாத குருவி எப்படிப் பெருகும்? மனிதன் பறித்த வீட்டை மனிதனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொண்ட முடிவு.

அதற்கு அவர் மரங்கொத்தியிடம் பாடம் கேட்டார். மரங்கொத்தி குடைந்த பழைய பொந்துகளை அறுத்துத் திறந்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று அளந்து பார்த்தார். வாசல் சிறியது, வட்டமானது. உட்புறம் சுரைக்குடுவை போல் கீழே போகப் போக அகன்று, அடியில் குழிந்து முடிகிறது. முட்டைகள் உருண்டு சிதறாமல் நடுவில் சேர்ந்து கிடக்க அந்தக் குழி உதவுகிறது. அதே வடிவத்தில் மரக்கட்டையைக் குடைந்து கூடு செய்வித்தார். சிறு குருவிகளுக்கு மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான வாசல். பெரிய குருவிகளுக்குப் பெரிய வாசல். அடியில் கொஞ்சம் மரத்தூளும் மண்ணும். கட்டும்போது கூடு நேராக இருக்க வேண்டும், அல்லது முன்பக்கம் சற்றுச் சாய வேண்டும். பின்பக்கம் சாய்ந்தால் மழை உள்ளே போய்விடும். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார் அந்த மனிதர்.

பொந்தில் குடியிருக்காத குருவிகளையும் அவர் மறக்கவில்லை. முட்செடிகளை வேலியாக நட்டு, கிளைகள் கவடு கவடாகப் பிரிந்து வளரும்படி வெட்டிப் பழக்கினார். ஒவ்வொரு கவடும் ஒரு கூட்டுக்கு இடம். பனிக்காலத்தில் இரை கொடுக்க, பனி மூடிவிடாதபடி கூரை போட்ட இரைப்பந்தல்கள் அமைத்தார். இந்த முறைகளை 1899இல் புத்தகமாக எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது. அதே 1899இல்தான் ஸ்டுட்கார்ட் நகரில் லீனா ஹேன்லே என்ற அம்மையார் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1902இல், வேளாண்மைக்குப் பயன்படும் பறவைகளைக் காக்க ஐரோப்பிய நாடுகள் பாரிசில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இனி, நமது விவசாயிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சங்கதிக்கு வருகிறேன். 1905ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹைனிக் காட்டில் இலைச்சுருட்டிப் புழு இறங்கியது. நமது நெல்லில் இலையைச் சுருட்டி உள்ளேயிருந்து தின்னும் புழு இருக்கிறதல்லவா, அதுபோல ஓக் மரத்து இலையைச் சுருட்டித் தின்னும் வேறொரு இனம். பல சதுர மைல் காடு இலையில்லாமல் மொட்டையாகிப் போனது. அந்த மொட்டைக் காட்டின் நடுவே பிரபுவின் தோப்பு மட்டும் பச்சையாக நின்றது. அங்கே அப்போது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கூடுகள் தொங்கின. தோப்பின் எல்லைக்கு வெளியேயும் சில நூறு மீற்றர் தூரம் வரை புழுவின் சேதம் தெரியவில்லை. பிரபுவின் முறைகளை விளக்கிப் புத்தகம் எழுதிய மார்ட்டின் ஹீஸெமான் இதைப் பதிவு செய்திருக்கிறார். கூட்டில் குஞ்சு இருக்கும் நாட்களில் ஒரு சோடிச் சிட்டு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டும். இரண்டாயிரம் கூட்டை வைத்து நீங்களே கணக்குப் பாருங்கள்.

1908இல் அரசாங்கம் சேபாக்கைப் பறவைப் பாதுகாப்பு நிலையமாக ஏற்றுக்கொண்டது. பிரபு 1933இல் காலமானார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அந்தப் பிரதேசம் சோவியத் ஆட்சிக்குள் போனது. பெரிய நிலக்காரர்களின் காணிகள் பறிக்கப்பட்டன. பிரபுத்துவம் போயிற்று. ஆனால் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. இன்றும் சேபாக்கில் துரிங்கியா அரசின் பறவைப் பாதுகாப்பு நிலையம் இயங்குகிறது. ஹைனிக்கின் ஒரு பகுதி, ஏறக்குறைய 7,500 ஹெக்டயர், 1997இன் கடைசி நாளில் தேசியப் பூங்காவாயிற்று. 2011இல் அங்குள்ள பழம்பெரும் பீச் மரக்காடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மர உச்சிகளின் ஊடே நடந்து போகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கோபுரத்தின் மேலேறி நின்றால், ஒரு காலத்தில் புழு மொட்டையடித்த காடு கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகத் தெரியும்.

இனி ஊருக்குத் திரும்புவோம். நமது அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் குமண இருக்கிறது. 1938இலேயே பறவைகளின் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இடம். அது நமக்குப் பெருமை. ஆனால் குமணப் பறவை நமது வட்டைக்கு வந்து புழு பொறுக்காது. நமது வட்டையைக் காக்கும் கரிக்குருவியும் மைனாவும் புலுனியும் நமது வரம்பு மரத்திலும் வளவு வேலியிலும்தான் குடியிருக்க வேண்டும். அந்த மரமும் வேலியும் அரசாங்கத்தின் கையில் இல்லை. காணி வைத்திருப்பவரின் கையில் இருக்கின்றன. பெர்லெப்ஷ் பிரபுவின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுவே. தன் காணிக்குள் தான் செய்யக்கூடியதை அவர் சட்டத்துக்கும் அரசுக்கும் காத்திராமல் செய்தார்.

கிளி நெல்லைக் கொத்துகிறதே, அதற்கும் வீடு கொடுப்பதா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதிர் முற்றும் காலத்தில் கிளி விரட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெட்டெலியைப் பிடிக்கும் ஆந்தையையும் அபசகுனம் என்று விரட்டுகிறோமே, அது நமக்கு நாமே செய்யும் நட்டம். மருந்து ஒன்றே போதும் என்றும் இருக்க முடியாது. கண்டபடி மருந்து அடித்தால் வயலில் பூச்சிகளைத் தின்னும் சிலந்தி முதலிய நல்ல உயிர்கள் முதலில் சாகும். அதன் பிறகு அறக்கொட்டியான் முன்னிலும் மோசமாகப் பெருகும். ஆசிய நாடுகளின் நெல் வயல்கள் பல தடவை கண்ட உண்மை இது.

ஆகவே ஒன்றிரண்டு வேண்டுகோள்கள். செவ்வண்டு தின்று பட்டுப்போன தென்னை, வீட்டுக்கும் பாதைக்கும் ஆபத்தில்லாத தூரத்தில் நின்றால், அதை உடனே தறிக்க வேண்டாம். முதலில் அண்ணாந்து பார்த்துப் பொந்து இருக்கிறதா என்று கவனியுங்கள். வாய்க்கால் ஓரத்து மருதை மரத்தை விட்டுவையுங்கள். கம்பிவேலி போடும் இடத்தில் ஒரு பக்கமாவது பூவரசோ கிளுவையோ நடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் மரப்பலகையில் மைனா நுழையக்கூடிய வாசலோடு ஒரு கூடு செய்து, முன்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டிப் பார்க்கட்டும். அதில் எந்தக் குருவி வந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது என்று கொப்பியில் எழுதி வைக்கட்டும். சேபாக்கில் அந்தப் பிரபு தொடங்கியதும் இப்படித்தான்: பார்த்தார், அளந்தார், எழுதி வைத்தார்.